சேர்தல், பிரிதல், நடுவில் ஒரு ய்

அன்புள்ள ஐயா,

மதுரையில் நாங்கள் ஐந்து பேர் சேர்ந்து ஒரு சின்ன நாடகக் குழு நடத்துகிறோம். எல்லோருக்கும் பகலில் வேறு வேலை. இரவு எட்டு மணிக்கு மேல் நண்பர் ஒருவரின் மொட்டைமாடியில் ஒத்திகை. இந்த முறை வசனம் அதிகம் இல்லாமல் 40 நிமிட நிகழ்வு ஒன்றைச் செய்ய முயல்கிறோம். சேர்வதும் பிரிவதும்தான் பொருள்.

இரண்டு மாதமாக நிறைய யோசித்தோம். கைகுலுக்கல், காந்தம், பாதியில் அறுந்துபோகும் செல்போன் பேச்சு, ரயில் பெட்டியைக் கழற்றுவது, இப்படி. கடைசியில் கயிறுதான் நின்றது. இரண்டு பேர் ஒரே கயிற்றை இடுப்பில் கட்டிக்கொண்டு மேடை முழுக்க அலைகிறார்கள். முடிவில் ஒருவர் கயிற்றை அறுக்கிறார். விளக்கு அணைகிறது.

பார்த்த நண்பர்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள். எங்களுக்குத்தான் என்னவோ போலிருக்கிறது. அறுத்த உடனே எல்லாம் முடிந்துவிடுகிறது. சேர்தலுக்கு எதிர்ச்சொல் பிரிதல் என்று எடுத்துக்கொண்டதே தப்போ என்று ஒரு சந்தேகம். இந்தச் சொற்களுக்குள் வேறு என்ன இருக்கிறது, எங்கே போய்த் தேடலாம் என்று நீங்கள் சொன்னால் உதவியாக இருக்கும்.

அன்புடன்,
ம.

பி.கு.: தலைப்பை 'சேர்தல் பிரிதல்' என்று போடலாமா, 'சேர்தலும் பிரிதலும்' என்று போடலாமா? குழுவில் இதற்கே இரண்டு கட்சி.

*

அன்புள்ள ம.,

கயிற்றை அறுக்கும் முடிவை நான் மூன்று மேடைகளிலாவது பார்த்திருக்கிறேன். அதில் ஒன்றில் யாரோ நைலான் கயிறு வாங்கி வந்துவிட்டார்கள். கத்தி ஏறவில்லை. நடிகர் வியர்த்துப்போய் ஒரு நிமிடம் அதோடு மல்லுக்கட்டினார். கூட நடித்தவர் வேறு வழியில்லாமல், அறுப்பதற்கு வசதியாகக் கயிற்றை இழுத்துப் பிடித்துக் கொடுத்தார். அந்த நாடகத்தில் இன்றைக்கும் எனக்கு நினைவிருப்பது அந்த ஒரு நிமிடம்தான். பிரிவதற்கு இரண்டு பேரும் சேர்ந்து பாடுபட்டார்கள்.

உங்கள் சந்தேகம் சரியானது. சேர்தலுக்குப் பிரிதல் எதிர்ச்சொல் என்பது பள்ளிக்கூடக் கேள்வித்தாளுக்குப் போதும். வீட்டிலும் வயலிலும் பேசும்போது அந்த ஒரு ஜோடியை வைத்துக்கொண்டு யாரும் காலம் தள்ளுவதில்லை. ஒவ்வொரு சேர்க்கைக்கும் அதற்கென்று ஒரு பிரிவு உண்டு. கட்டினால் அவிழ்க்க வேண்டும். மாட்டினால் கழற்ற வேண்டும். ஒட்டினால் பிய்க்க வேண்டும். கோத்தால் உதிரும். கூட்டம் கூடினால் கலையும். தையல் மட்டும் 'பிரிந்துவிட்டது' என்று வரும். கலந்ததற்கு நேரான சொல்லே கிடையாது. காபியில் சர்க்கரை கலந்தபின் அதை என்ன செய்வீர்கள்?

இதைத் திருப்பிப் போட்டுப் பாருங்கள். ஒரு உறவு முடிந்ததை மனிதர்கள் எந்த வினைச்சொல்லால் சொல்கிறார்கள் என்று கவனித்தால், அது எப்படிச் சேர்ந்திருந்தது என்று தெரிந்துவிடும். 'அறுந்துபோச்சு' என்கிறவர் மனதில் இருந்தது கயிறு. 'முறிஞ்சுபோச்சு' என்கிறவருக்கு அது கிளை, அல்லது எலும்பு. தன் உடம்பின் பாகம். 'விலகிட்டோம்' என்கிறவர்கள் பக்கத்தில் நின்றிருந்தார்கள், அவ்வளவுதான். 'கழட்டி விட்டுட்டா' என்று ஒரு பையன் சொன்னால், அவன் தன்னை அவள் மாட்டியிருந்த ஏதோ ஒரு பொருளாக நினைத்திருக்கிறான் என்று அர்த்தம், பாவம்.

உங்கள் நடிகர்கள் இரண்டு பேரும் 40 நிமிடம் 'கட்டி' இருக்கிறார்கள். கடைசியில் 'அறுக்கிறார்கள்'. கட்டியதற்கு உரிய பிரிவு அவிழ்ப்பது. அறுப்பது கத்தி எடுத்தவனின் அவசரம். அவிழ்க்க வேண்டும் என்றால் முடிச்சைத் தேட வேண்டும், நகத்தால் நெருட வேண்டும், இன்னொருவர் கொஞ்சம் நெருங்கி வந்து கயிற்றைத் தளர்த்திக் கொடுக்க வேண்டும். மொட்டு மலர்வதையும் அவிழ்வது என்றே சொல்கிறோம், அதையும் காதில் போட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

அறுப்பதுதான் வேண்டும் என்றால் அதற்கும் கனமான வழக்கு ஒன்று நம்மிடம் இருக்கிறது. தமிழ்நாட்டில் பல சாதிகளில் பெண்ணின் மறுமணத்துக்கு 'அறுத்துக்கட்டுதல்' என்று பெயர். பழைய தாலியை அறுத்துவிட்டு இன்னொருவரிடம் கட்டிக்கொள்வது. அந்த வழக்கம் இல்லாதவர்கள் 'அவங்க அறுத்துக்கட்டுறவங்க' என்று ஏளனமாகச் சொல்லி நானே கேட்டிருக்கிறேன். ஆனால் சொல்லைப் பாருங்கள். அறுப்பதும் கட்டுவதும் நடுவில் மூச்சு விடக்கூட இடமில்லாமல் ஒரே சொல்லாகி நிற்கின்றன. ஏளனம் செய்தவர்களின் வீடுகளில் 'தாலியறுத்தவள்' என்பதோடு சொல் நின்றுவிட்டது.

சரி, எங்கே தேடுவது என்று கேட்டிருந்தீர்கள். நான் சொல்லப்போகும் இடம் உங்களுக்குச் சிரிப்பை வரவழைக்கலாம். ஒன்பதாம் வகுப்பில் நீங்கள் வெறுத்த அதே புணர்ச்சி விதிகள்தான்.

இரண்டு சொற்கள் சந்திப்பதற்கு நம் இலக்கணக்காரர்கள் வைத்த பெயர் புணர்ச்சி. முதலில் இருப்பது நிலைமொழி, அடுத்து வருவது வருமொழி. ஒருவர் நிற்கிறார், இன்னொருவர் வருகிறார். மேடைக்கு இதைவிட என்ன வேண்டும்? இரண்டும் சந்திக்கும்போது ஒன்றுமே நடக்காமல் போகலாம். பொன்னும் மலையும் பொன்மலை ஆவது மாதிரி. அது இயல்பு. மற்றபடி மூன்று விஷயங்கள் நடக்கலாம் என்கிறது நன்னூல்: தோன்றல், திரிதல், கெடுதல். வாழையும் பழமும் சேர்ந்தால் எங்கிருந்தோ ஒரு ப் தோன்றுகிறது, வாழைப்பழம். கல்லும் சிலையும் சேர்ந்தால் கல்லின் ல் திரிந்து ற் ஆகிறது, கற்சிலை. மரமும் வேரும் சேர்ந்தால் மரம் தன் ம் என்ற எழுத்தை இழக்கிறது, மரவேர். பால் கெட்டுப்போனாலும் நாம் 'திரிந்துவிட்டது' என்கிறோம். இலக்கணத்தில் கல் திரிந்தால் மட்டும் யாரும் முகம் சுளிப்பதில்லை.

கவனித்தீர்களா, பெரும்பாலும் அடி வாங்குவது நிற்கிறவர்தான். வருகிறவர் தன் முகத்தோடு வந்து உட்கார்ந்துகொள்கிறார். நின்றிருந்தவரின் வால் ஒடிகிறது, இல்லையென்றால் திரிகிறது. மாமியார் மருமகள் கதையில் யார் நிலைமொழி, யார் வருமொழி என்று உங்கள் குழுவில் கேட்டுப் பாருங்கள். ஒத்திகை ஒரு மணி நேரம் நீளும்.

நன்னூலில் ஒரு வரி இருக்கிறது. 'உயிர்வரின் உக்குறள் மெய்விட்டு ஓடும்.' காசு + இல்லை = காசில்லை என்பதற்கான விதி. காசு என்ற சொல்லின் கடைசியில் இருக்கிற குறுகிய உகரம், அடுத்து ஒரு உயிரெழுத்து வந்தால், தான் ஏறியிருந்த மெய்யெழுத்தை விட்டு ஓடிப்போகிறது. மெய் என்றால் உடம்பு, உயிர் என்றால் உயிர். இப்போது அந்த வரியை மறுபடி படியுங்கள். வேறொரு உயிர் வந்தால் உள்ளே இருந்த உயிர் உடம்பை விட்டு ஓடும். பவணந்தி முனிவர் இலக்கணம்தான் எழுதினார், சந்தேகமில்லை. ஆனாலும் இதைப் படிக்கும்போதெல்லாம் எனக்கு ஏதோ பேய்க்கதையின் முதல் வரியைப் படித்த மாதிரி இருக்கிறது. இன்னொரு வரி சாந்தமானது: 'உடல்மேல் உயிர்வந்து ஒன்றுவது இயல்பே.' மெய்யெழுத்தின் மேல் உயிரெழுத்து வந்து ஏறிக்கொள்வதைத்தான் சொல்கிறார். ம் தலையில் இருக்கும் புள்ளி, அ வந்ததும் போய்விடுகிறது. புள்ளி இருக்கிறவரை அந்த எழுத்து தனியாக நிற்கிறது என்று அர்த்தம். தனிமைக்கு ஒரு அடையாளம் வைத்திருக்கிற எழுத்து முறை நம்முடையது. ஓலையில் எழுதியவர்கள் பெரும்பாலும் அந்தப் புள்ளியை வைக்காமலே விட்டார்கள், அது வேறு கதை.

இதிலெல்லாம் எனக்கு மிகவும் பிடித்தது உடம்படுமெய். நான் உண்மையில் உங்களுக்குச் சொல்ல வந்ததும் இதைத்தான்.

ஒரு சொல் உயிரில் முடிகிறது, அடுத்தது உயிரில் தொடங்குகிறது. இரண்டு உயிர்கள் நேருக்கு நேர். அப்படியே சொன்னால் நடுவில் வாய் திறந்து நின்றுவிடும். அதை விட்டிசைத்தல் என்பார்கள். அதற்காக நடுவில் ஒரு மெய் வருகிறது. இ, ஈ, ஐ இவற்றுக்குப் பின்னால் என்றால் ய். மற்ற உயிர்களுக்குப் பின்னால் வ். ஏகாரத்துக்குப் பின்னால் இரண்டில் எதுவும் வரலாம். வழி + அனுப்பு = வழியனுப்பு. இந்த ய் வழியுடையதும் இல்லை, அனுப்பினுடையதும் இல்லை. இரண்டையும் உடம்படச் செய்ய வந்தது. உடம்படுதல் என்றால் இசைதல், சம்மதித்தல். சம்மத எழுத்து என்று வைத்துக்கொள்ளுங்கள். பிரித்து எழுதும்போது அது எங்கே போகிறது? வழி இந்தப் பக்கம், அனுப்பு அந்தப் பக்கம். ய்யைக் காணோம். யாரும் அதைத் தேடுவதும் இல்லை. பிரித்தெழுதுக கேள்வியில் அதை இரண்டு பக்கத்தில் எதிலாவது ஒட்டி எழுதினால் மார்க் போய்விடும்.

உங்கள் நிகழ்வில் இரண்டு பேரும் ஒரு கயிறும் இருக்கிறார்கள். நான் பார்க்க ஆசைப்படுவது அந்த மூன்றாவதை. குழுவில் ஐந்து பேர் என்கிறீர்கள். ஒருவரை ய் ஆக்குங்களேன்.

நம் ஊரில் மூன்றாவது ஆள் இல்லாமல் இரண்டு பேர் சேர்ந்ததாக எனக்கு நினைவில்லை. தாலி கட்டும்போது பல குடும்பங்களில் முதல் முடிச்சைத்தான் மாப்பிள்ளை போடுவார். மற்றதைப் போடுவது பின்னால் நிற்கும் அவருடைய அக்காவோ தங்கையோ. நாத்தனார் முடிச்சு என்றே அதற்குப் பெயர். பிற்பாடு அந்த வீட்டில் நடக்கும் சண்டையில் பாதி அந்த முடிச்சிலிருந்து தொடங்கும் என்பது ஊரறிந்த விஷயம். அவளும் கட்டியவள்தானே.

பிரிந்திருப்பதற்கும் மூன்றாவது ஆள் வேண்டும். சின்ன வயதில் 'டூ' விட்டிருப்பீர்கள். சிலர் 'கா' என்பார்கள். டூ விட்ட இரண்டு பேரும் அதே இடத்தில்தான் நின்றுகொண்டிருப்பார்கள். ஆனால் பேச்சு மட்டும் நடுவில் நிற்கும் ஒருத்தி வழியாகப் போகும். 'அவகிட்ட சொல்லு, என் ரப்பரைத் தரச் சொல்லு.' 'அவகிட்ட சொல்லு, அது தொலைஞ்சு போச்சுன்னு.' இரண்டையும் இரண்டு பேரும் நேராகவே கேட்டுக்கொண்டிருப்பார்கள். நடுவில் இருப்பவள் ஒன்றுவிடாமல் திருப்பிச் சொல்வாள். அன்றைக்கு அவளுக்கு அப்படி ஒரு மதிப்பு. பழம் விட்டுச் சேர்ந்த மறுநிமிடம் அவளை இரண்டு பேருமே மறந்துவிடுவார்கள்.

அகப்பாட்டு மரபு இதை இன்னும் விரிவாக யோசித்திருக்கிறது. (செம்புலப் பெயல்நீரை மட்டும் தயவுசெய்து தொடாதீர்கள். சேர்தல் என்று யார் வாயைத் திறந்தாலும் அந்த மழை பெய்துவிடுகிறது.) தொல்காப்பியம் சொல்லும் ஐந்து உரிப்பொருள்களில் புணர்தல் ஒன்று, பிரிதல் ஒன்று. மிச்சம் மூன்று: இருத்தல், இரங்கல், ஊடல். காத்திருப்பது, கலங்குவது, பக்கத்திலேயே இருந்துகொண்டு பிணங்குவது. உங்கள் 40 நிமிடத்தில் சேர்வதும் இருக்கிறது, பிரிவதும் இருக்கிறது, இந்த மூன்றும் எங்கே? 'நிமித்தம்' என்று ஒரு சொல்லையும் சேர்த்துச் சொல்கிறது அந்த நூற்பா. புணர்தலும் புணர்தல் நிமித்தமும், பிரிதலும் பிரிதல் நிமித்தமும். பிரியப்போகிறான் என்று அவன் வில்லைத் துடைப்பதிலிருந்தே தெரிந்துவிடும் இல்லையா, அது பிரிதல் நிமித்தம். நாடகம் எழுதுகிறவனுக்கு நிமித்தத்தில்தான் சோறு.

அப்புறம் வாயில்கள். கோபித்துக்கொண்டு கதவடைத்தவளிடம் தலைவனுக்காகப் பேசப் போகிறவர்களுக்கு வாயில்கள் என்று பெயர். தொல்காப்பியத்தின் கற்பியல் பகுதி பன்னிரண்டு பேரை அடுக்குகிறது: தோழி, தாய், பார்ப்பான், பாங்கன், பாணன், பாடினி, இளையர், விருந்தினர், கூத்தர், விறலியர், அறிவர், கண்டோர். மனிதர்களையே கதவு என்று அழைத்தார்கள். இதில் விருந்தினர் என்ன செய்வார்? ஒன்றும் பேச வேண்டாம். வந்து திண்ணையில் உட்கார்ந்தால் போதும். வீட்டுக்கு ஆள் வந்த பிறகு அவள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்ள முடியாது. சிரித்துத்தான் ஆக வேண்டும், இலை போட்டுத்தான் ஆக வேண்டும். சாப்பிட்டவர் கிளம்பும்போது ஊடல் பாதி தீர்ந்திருக்கும். இந்த உத்தி இன்றைக்கும் எங்கள் தெருவில் நடக்கிறது. சண்டை போட்ட அன்றைக்கு நண்பனை வீட்டுக்குச் சாப்பிடக் கூட்டிக்கொண்டு போகும் ஆண்கள் யாரும் தொல்காப்பியம் படித்தவர்கள் இல்லை. கடைசியில் வரும் கண்டோர், சும்மா வழியில் பார்த்தவர்கள். உங்கள் நாடகத்தைப் பார்க்க வருகிறவர்களைக்கூட அந்தப் பட்டியலில் சேர்த்துவிடலாம்.

ரயில் பெட்டியை ஏன் விட்டீர்கள் என்று தெரியவில்லை. எனக்கு அது பிடித்திருந்தது. முன்பு சென்னையிலிருந்து குருவாயூர் போகும் ரயிலில் தூத்துக்குடிக்கான பெட்டிகளும் சேர்ந்து வரும். வாஞ்சி மணியாச்சியில் அவற்றைக் கழற்றித் தனியாக அனுப்புவார்கள். அதுவரை ஒரே ரயிலில் சேர்ந்து வந்தவர்கள் அங்கிருந்து இரண்டு திசையில் போவார்கள். பழைய நீலப் பெட்டிகளில் திருகு வைத்த கப்ளிங். ரயில்வே தொழிலாளி ஒருவர் இரண்டு பெட்டிக்கும் நடுவில் குனிந்து நுழைந்துதான் அதைக் கழற்றவோ மாட்டவோ முடியும். இரண்டு பக்கமும் அத்தனை டன் இரும்பு, நடுவில் ஒரு மனிதர். அவர்தான் ய்.

அதில் இன்னொரு விஷயமும் உண்டு. கப்ளிங்கோடு பெட்டிக்குப் பெட்டி காற்றுக் குழாய் ஒன்றும் ஓடுகிறது. பிரேக் விழாமல் இருப்பதே அந்தக் குழாயில் இருக்கும் காற்றழுத்தத்தால்தான். ஓடும்போது கப்ளிங் அறுந்து ரயில் இரண்டாகிவிட்டால் குழாயும் பிடுங்கிக்கொள்ளும், அழுத்தம் இறங்கும், இரண்டு பாதியிலும் தானாகப் பிரேக் விழும். பின்னால் விடுபட்ட பெட்டிகள் மட்டுமல்ல, எஞ்சின் இருக்கும் முன்பாதியும் நின்றுவிடும். அறுத்துக்கொண்டு போய்விட்டதாக நினைக்கும் ஆளை நடிக்க இதைவிட நல்ல குறிப்பு எனக்குத் தெரியவில்லை.

கடைசியாக மாங்கன்று. அம்மா வழியில் எங்களுக்குச் சொந்தம் எல்லாம் கிருஷ்ணகிரிப் பக்கம். சந்தூரைச் சுற்றி ஒட்டு மாங்கன்று நர்சரிகள் நிறைய. பள்ளி விடுமுறையில் மாமா தோட்டத்தில் நெருக்கு ஒட்டுக் கட்டுவதைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். கொட்டை போட்டு முளைத்த நாட்டுக் கன்றைத் தொட்டியோடு கொண்டுபோய், நல்ல ஜாதித் தாய் மரத்தின் கிளைக்குப் பக்கத்தில் வைப்பார்கள். கிளை உயரத்தில் இருந்தால் பரண் கட்டி அதன்மேல் தொட்டி. கன்றின் தண்டில் இரண்டு அங்குல நீளத்துக்குப் பட்டையும் கொஞ்சம் கட்டையும் சேர்த்துச் சீவுவார்கள். கிளையிலும் அதே அளவு. இரண்டு காயத்தையும் முகத்தோடு முகம் வைத்து அழுத்தி, அப்போதெல்லாம் வாழைநார், இப்போது பிளாஸ்டிக் நாடா, அதனால் இறுக்கிச் சுற்றிவிடுவார்கள். காயமில்லாத பட்டையோடு பட்டையை எத்தனை வருஷம் கட்டி வைத்தாலும் ஒட்டாது.

கட்டிய பிறகு இரண்டு மூன்று மாதம் அப்படியே. இரண்டுக்கும் அவரவர் வேர் இருக்கிறது. கன்று தன் தொட்டியில் தண்ணீர் குடிக்கிறது, கிளை தாய் மரத்திலிருந்து குடிக்கிறது. பிடித்துவிட்டது என்று தெரிந்ததும் மாமா கத்தியை எடுப்பார். ஒட்டுக்குக் கீழே கிளையில் பாதி ஆழம் வெட்டிவிட்டு வந்துவிடுவார். ஒரு வாரம், பத்து நாள் கழித்து இன்னும் கொஞ்சம். அப்புறம்தான் முழுக்க. ஒரேயடியாக வெட்டினால் கிளை வாடிவிடும். தாயிடமிருந்து தண்ணீர் குறையக் குறைய அது கன்றின் வேரிடம் கேட்கப் பழகிக்கொள்ள வேண்டும். நாட்டுக் கன்றுக்கும் வெட்டு உண்டு. ஒட்டுக்கு மேலே இருக்கும் அதன் தலையையும் எடுத்துவிடுவார். தாய் மரத்தின் வேரும் வேண்டாம், நாட்டுக் கன்றின் தலையும் வேண்டாம். இந்த இரண்டு வெட்டும் விழுந்த பிறகுதான் அது ஒரே கன்று. விலை பேசுவதும் அப்போதுதான்.

அந்த நாடா? நேரம் பார்த்து அதையும் எடுத்துவிட வேண்டும். விட்டுவிட்டால் தண்டு பருக்கும்போது அது உள்ளே இறங்கிக் கழுத்தை நெரிக்கும். ஒரு தடவை ஒரு வரிசைக் கன்றுகளுக்கு நாடாவை அவிழ்க்க மறந்துவிட்டார்கள். மறு வருஷம் அந்த இடத்தில் இடுப்பில் அரைஞாண் இறுக்கியது மாதிரி பள்ளம் விழுந்து, காற்றடித்த ஒரு ராத்திரியில் ஏழெட்டு அங்கேயே முறிந்து கிடந்தன. மாமா இரண்டு நாள் யாரிடமும் பேசவில்லை. ஒட்டு நன்றாகத்தான் பிடித்திருந்தது. கட்டி வைத்ததுதான் போகவில்லை.

இவ்வளவும் சொன்னதால் இலக்கணம், ரயில், மாங்கன்று எல்லாவற்றையும் மேடையில் ஏற்றிவிடாதீர்கள். 40 நிமிடம் தாங்காது. ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். என்னைக் கேட்டால் கயிறே இருக்கட்டும், ஆனால் அதைப் பிடித்துக்கொண்டு ஒருவர் நிற்கட்டும். இரண்டு பேரின் இடுப்பிலும் கட்டுவது அவர். முறுக்கிக்கொண்டால் எடுத்துவிடுவது அவர். பாதிக்கு மேல் பார்வையாளர்கள் அவரை மறந்துவிட வேண்டும். கடைசியில் இரண்டு பேரும் அவிழ்த்துக்கொண்டு ஆளுக்கொரு பக்கமாகப் போன பிறகு கயிறு அவர் கையில்தானே இருக்கும்? விளக்கை உடனே அணைக்காதீர்கள். அவர் அதை என்ன செய்கிறார் என்று எனக்குப் பார்க்க வேண்டும். சுற்றி வைப்பாரா, போட்டுவிட்டுப் போவாரா, முடிச்சு இருந்த இடத்தைத் தடவிப் பார்ப்பாரா. ஒத்திகையில் அவரிடமே விட்டுவிடுங்கள், நீங்கள் சொல்லிக் கொடுக்க வேண்டாம்.

ஒத்திகைக்குப் பயிற்சி ஒன்று வேண்டுமானால் சொல்கிறேன். தாமரை, வேங்கை, எட்டு. இவற்றை நன்னூல் பொதுமொழி என்கிறது. சேர்ந்து நின்றால் ஒரு பொருள், பிரித்தால் வேறு பொருள். தாமரை பூ, தா மரை என்று பிரித்தால் தாவுகிற மான். வேங்கை புலி, மரமும்கூட. வேம் கை என்றால் வேகின்ற கை. எட்டு எண்; எள், து என்று பிரித்தால் எள்ளை உண் என்று பொருள். ஒருவர் சொல்லைச் சேர்த்துச் சொல்லட்டும், இன்னொருவர் அதே சொல்லைப் பிரித்துச் சொல்லட்டும், மற்றவர்களின் உடம்பு பூவிலிருந்து மானுக்கு மாறட்டும். பழைய நூல்களை ஓலையிலிருந்து எடுத்துப் பதிப்பித்தவர்களுக்கு இதுதான் தினசரித் தலைவலி. சொல்லுக்குச் சொல் இடமே விடாத ஓலையில் எங்கே பிரிப்பது? தப்பான இடத்தில் பிரித்தால் பூ மானாகி ஓடிவிடும். 1950களில் மர்ரே எஸ். ராஜம் சந்தி பிரித்த மலிவுப் பதிப்புகளைக் கொண்டுவந்த பிறகுதான் என்னைப் போன்றவர்களின் அப்பாக்கள் பழந்தமிழ் நூல்களை வீட்டில் வைத்துப் படிக்கவே தொடங்கினார்கள்.

தலைப்பு விவகாரம். 'சேர்தல் பிரிதல்' என்றே போடுங்கள். அது உம்மைத்தொகை. சேர்தலும் பிரிதலும் என்பதில் வரும் இரண்டு உம்மும் மறைந்து நிற்கின்றன, காணாமல் போகவில்லை. உம்மைத்தொகையில் வல்லினம் மிகாது என்பதால் நடுவில் ப் போடலாமா என்று மூன்றாவது கட்சி ஒன்று தொடங்க வேண்டிய அவசியமும் இல்லை. போஸ்டரில் இரண்டு சொல்லுக்கும் நடுவில் கொஞ்சம் தாராளமாக இடம் விடச் சொல்லுங்கள். தேதி முடிவானதும் எழுதுங்கள், நான் வருகிறேன். திரும்பி வர ராத்திரி கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதையும் சேர்த்து.

அன்புடன்.